புலமைச் சொத்துச் சட்டமும் அதன் உயர்கல்வியும்

நிலமும் மனையும் பொன்னும் சொத்து எனப்படுதலை யாவரும் அறிவர். அறிவின் ஆக்கமும் சொத்தாகலாம் என்பது பிற்காலத்தெழுந்த கருத்து. ஒருவன் உழும் வயலை அதே வேளையில் மற்றொருவன் உழுதல் இயலாது. ஒருவன் இயற்றிய பாட்டையோ ஆயிரவர் பாடினும் அது குறைவதில்லை. கொடுக்கக் குறையாத பொருளைப் பிறர் எடுத்தலாகாது எனச் சட்டம் தடுப்பது எந்த நியாயம் பற்றி? எத்துணைக் காலத்துக்கு? இவ்விரு வினாக்களே புலமைச் சொத்துச் சட்டக் கல்வியின் அடித்தளமாகும்.

நூல், இசை, ஓவியம் முதலியவற்றுக்குப் பதிப்புரிமையும், புதுப்புனைவுகளுக்கு ஆக்கவுரிமையும், வணிகப் பொருள்களுக்கு வியாபாரக் குறியுரிமையும் உள. இலங்கையில் 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கச் சட்டத்தின் இடத்தை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் பெற்றது. இதன்படி பதிப்புரிமை பொதுவாக ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். ஆக்கவுரிமை விண்ணப்பித்த நாள் முதல் 20 ஆண்டுகள் நிலைக்கும். இவ்விதிகளை அறிதல் சட்டமாணி வகுப்பின் பணி. அவ்வெல்லைகள் தக்கனவோ என ஆராய்தல் முதுமாணி வகுப்பின் பணி.

அவ்வாராய்ச்சி வரலாற்றிலே தொடங்குகின்றது. இங்கிலாந்தில் ஆன் அரசியார் காலத்தில், 1710 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் புதிய நூல்களுக்கு 14 ஆண்டு உரிமையளித்தது. ஆசிரியர் அப்போது உயிருடனிருப்பின் மேலும் 14 ஆண்டுகள் நல்கியது. இலண்டன் நூல் வணிகரோ தம் உரிமை முடிவற்றது என வாதித்தனர். எடின்பரோ நகர நூல் வணிகர் டொனால்ட்சன் இதனை எதிர்த்தார். 1774 இல் பிரபுக்கள் சபை, வெளியிடப்பட்ட நூலுக்கு முடிவற்ற பதிப்புரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. காலம் கழிந்த நூல் பொதுமக்களுடையதாகும் என்னும் நெறி இவ்வாறு உறுதிப்பட்டது.

வேறொரு வழக்கு நம் வீட்டு அடுக்களையைத் தொடுவது. புண்ணை ஆற்ற மஞ்சட்பொடியைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் கைகண்ட மருந்து புதுப்புனைவானது எங்ஙனம்? அக்காலத்து அமெரிக்கச் சட்டத்தில், பிறநாட்டில் எழுத்தின்றி வழங்கிய பழக்கம் புதுமையை மறுக்கும் சான்றாகக் கொள்ளப்படவில்லை. அச்சிட்ட நூற்சான்று வேண்டியிருந்தது. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிச் சபை பழைய நூல்களையும் 1953 இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரையொன்றையும் காட்டி வாதிட, 1997 இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. பின்னர் ஆயுர்வேத, யூனானி, சித்த மருத்துவ நூற்செய்திகளைப் பல மொழிகளிற் பெயர்த்துத் தொகுக்கும் பணியை இந்தியா மேற்கொண்டது. எழுதப்படாத அறிவு எளிதிற் பறிபோகும் என்பதே இவ்வழக்குத் தரும் பாடம்.

நோயாளியின் உயிரும் இச்சட்டத்தோடு தொடர்புடையது. ஆக்கவுரிமையுள்ள மருந்தை உரியவன் ஒருவனே விற்பதால் விலை உயர்கின்றது. உரிமை அறவே இல்லையெனின் புதுமருந்து காணப் பெரும் பொருள் செலவிடுவோர் அரியர். இவ்விக்கட்டில் வறிய நாடுகளுக்கு உதவும் விலக்குகளை 2001 ஆம் ஆண்டுத் தோகாப் பிரகடனம் வலியுறுத்திற்று. 2003 இல் இலங்கைச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு வந்தபோது, அத்தகைய விலக்குகள் சேர்க்கப்படாமை சமத்துவ உரிமைக்கு முரண் என மன்று கருதியது. வலியாரையும் மெலியாரையும் ஒரே தட்டில் வைத்தல் சமத்துவமாகாது என்பதே அதன் கருத்து.

இக்கல்விக்குச் சட்டம் மட்டும் போதாது. பொருளியலும் விஞ்ஞானமும் வேண்டும். ஆதலின் மியூனிக்கிலுள்ள கல்வி நிலையம் போன்றவை சட்டம் பயிலாத விஞ்ஞான, பொறியியற் பட்டதாரிகளையும் ஏற்கின்றன. உலகப் புலமைச் சொத்து நிறுவனமும் தூரின் பல்கலைக்கழகத்துடன் இணைந்து முதுமாணிக் கல்வி அளிக்கின்றது. மாணவர் தீர்ப்புகளை ஒப்புநோக்கி, தாமே ஒரு பொருளை ஆய்ந்து ஆய்வேடு எழுதுதல் இக்கல்வியின் சிகரமாகும்.

மரபுவழி அறிவின் பிறப்பிடத்தை விண்ணப்பதாரர் வெளிப்படுத்தல் வேண்டும் எனக் கூறும் உடன்படிக்கை 2024 இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்டது. அதன் பயனை அடைதற்கு, ஏட்டுச்சுவடியையும் ஆக்கவுரிமைப் பத்திரத்தையும் ஒருங்கே படிக்கவல்ல அறிஞர் வேண்டும். சுவடியைப் படிப்போர் சட்டம் அறியார். சட்டம் அறிந்தோர் சுவடியைத் தொடார். இவ்விடைவெளியை நிரப்ப முன்வரும் மாணவருக்கு இத்துறையிற் செய்தற்குரிய பணி மிக உண்டு.