எட்டாத கால்

சூரிய நமஸ்காரத்திலே பலரை இடறச் செய்வது ஆசனமன்று; ஓர் ஆசனத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியேயாம். உள்ளங்கைகளை நிலத்தில் ஊன்றியபடி, பின்னே நீட்டிய காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவரும் கட்டத்தை நோக்குக. இளையோர் ஒரே வீச்சிற் செய்வர். இடுப்பு இறுகியவர்க்கோ கால் பாதிவழியில் நின்றுவிடும். ஆசிரியர் சிலர் இதனைச் சோம்பல் என்று கடிவர். காலைப் பிடித்து இழுப்பாருமுளர். பெருந் தவறு. தசையும் முழங்காலும் ஊறுபடும்.

கைகளின் கீழ் இரு மரக்கட்டைகளை வைத்தால் உடல் சற்றே உயர்ந்து, கால் செல்ல இடம் பிறக்கும். அதுவும் இயலாதார் முழங்காலை நிலத்தில் ஊன்றி, கணுக்காலைக் கையாற் பற்றி முன்னே வைக்கலாம். முதியோர்க்கு, சுவரோடு சேர்த்துவைத்த நாற்காலியின் இருக்கையே நிலமாகும். புனே நகரில் பி. கே. எஸ். ஐயங்கார் (1918–2014) கட்டை, கயிறு, நாற்காலி முதலியவற்றைத் துணைக்கொண்டே பலரைப் பயிற்றினார். ஒரு மூச்சில் முடியாதவர் இரண்டு மூச்சு எடுத்துக்கொள்ளட்டும்.