வால் எலும்புக் காயம்: எந்தப் பயிற்சி ஆற்றும், எது கெடுக்கும்?

கை முறிந்தால் மாவுக்கட்டுப் போடலாம். வழுக்கி விழுந்து வால் எலும்பில் அடிபட்டால் கட்டுப் போட வழியில்லை. வெறும் அடி என்றால் ஏறக்குறைய 4 வாரங்களில் ஆறும். எலும்பு முறிந்திருந்தால் 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். அதுவரை படுத்தே கிடந்தால் இடுப்புத் தசைகள் இறுகும், வலி நீளும். அவசரப்பட்டு ஜிம்முக்குப் போனாலும் வலி கூடும். இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான வழி இருக்கிறது.

முதுகுத்தண்டின் நுனியில் 3 முதல் 5 சிறு எலும்புகள் சேர்ந்ததே வால் எலும்பு. பிட்டத்தின் பெரிய தசையும், சிறுநீர்ப்பை, மலக்குடல், கருப்பை ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளும் இதைப் பற்றியிருக்கின்றன. இந்தத் தசைகள் இறுகினால் புண்பட்ட எலும்பும் இழுபடும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் அதன்மேல் எடையும் ஏறும். வால் எலும்பு வலி ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் 5 மடங்கு அதிகம். பிரசவமும் ஒரு காரணம்.

முதல் சில நாட்கள் துணியில் சுற்றிய ஐஸால் 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம் கொடுத்து, வீட்டுக்குள் மெதுவாக நடந்தால் போதும். வலி தணிந்ததும் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி இழுத்துப் பிடிக்கலாம். கை, முழங்கால்களை ஊன்றி முதுகை மேலும் கீழும் வளைக்கும் மார்ஜரியாசனமும் உதவும். வயிறு எழும்பித் தாழ மூச்சு விடுவது இடுப்புத்தளத்தைத் தளர்த்தும். இறுக்கம் இருக்கும்போது அந்தத் தசைகளைச் சுருக்கும் கெகல் பயிற்சி வலியைக் கூட்டக்கூடும். முதலில் தளர்த்தி, பிறகே வலுவூட்ட வேண்டும். நீச்சல் தெரிந்தவர்கள் மெல்ல நீந்தலாம்.

சைக்கிள், துடுப்புப் பயிற்சிக் கருவி, சிட்-அப், நாவாசனம், குதிக்கும் பயிற்சிகள் ஆகியவற்றை வலி முழுதும் போகும்வரை ஒதுக்குங்கள். தசை லேசாக இழுபடுவது சரி. வால் எலும்பில் குத்தினால் உடனே நிறுத்துங்கள்.

பயிற்சியின் பலனை நாற்காலியில் இழந்துவிடக் கூடாது. பின்பக்கம் வெட்டுவிட்ட மெத்தையில் உட்காருங்கள். அடிக்கடி எழுந்து நடங்கள். மலச்சிக்கலும் வலியைக் கூட்டும் என்பதால் தண்ணீரும் நார்ச்சத்தும் குறையக் கூடாது.

கால் மரத்துப்போதல், தொடையிடுக்கில் உணர்ச்சி குறைதல், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமை, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சில வாரங்களாகியும் வலி குறையாவிட்டால் எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள். சொல்லக் கூச்சப்பட்டு வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகும் காயம் இது.