இறுகிய பொறியும் தேய்ந்த பொறியும்

பழைய தையற்பொறியை விலை பேசுகிறவர் முதலிற் செய்வது சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பதுதான். சுழன்றால் நல்லது, அசையாவிட்டால் பழுது என்பது பொதுவான தீர்ப்பு. தோல் தைக்கும் பொறியில் இத்தீர்ப்பு பலமுறை தலைகீழாக முடிகிறது. இருபது ஆண்டு மூலையிற் கிடந்து, அசைவற்று இறுகிப்போன பொறி மீண்டும் ஓடிவிடும். கடகடவென்று எளிதாகச் சுழலும் பொறியோ, உள்ளே பல் தேய்ந்து, தையல் விட்டுவிட்டு விழும் நிலையில் இருக்கும். காரணத்தை அறிந்தவர் குறைந்த விலைக்கு நல்ல பொறியை வாங்குவார். அறியாதவர் கூடுதல் விலைக்குத் தேய்ந்ததை வாங்கிச் செல்வார்.

பினாங்கில் இத்தகைய பொறி கண்ணிற் படும் இடங்களுள் ஒன்று, ஜார்ஜ் டவுன் நகர விளையாட்டரங்கத்தை அடுத்த லோரோங் கூலிட் காலைச் சந்தை. 'கூலிட்' என்ற மலாய்ச் சொல்லுக்குத் தோல் என்று பொருள். தோற்சந்தில் தோல் தைக்கும் பொறி விற்பது பொருத்தந்தான். பழைய கடிகாரம், பித்தளை விளக்கு, உடைந்த வானொலி ஆகியவற்றுக்கு இடையே கறுத்த இரும்புக் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு பொறி கிடந்தால், அதை விசாரிப்பவர் இரு வகையினர். ஒருவர் தைக்க விரும்புபவர். மற்றவருக்கு வேண்டியது பொறியன்று; அதைத் தாங்கும் இரும்புக் கால். 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கப்பட்ட பின், பழைய கடைவீடுகளிற் காப்பிக்கடைகள் பெருகின. தையற்பொறிக் காலின்மேல் பளிங்குப் பலகை போட்ட மேசை அங்கே பழகிய காட்சி. கால் மேசையாகிறது, தலை பழைய இரும்பாக எடைக்குப் போகிறது. செருப்புத் தைப்பவர் ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் சோறு போடக்கூடிய பாகம் அந்தத் தலைதான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

தையற்பொறி என்ற எண்ணமே தோலிலிருந்து பிறந்தது என்பதைப் பலர் அறியார். 1790இல் தாமஸ் செயின்ட் என்ற ஆங்கிலேயத் தச்சர் காப்புரிமை பெற்ற பொறி, செருப்புத் தோல் முதலியவற்றைத் தைப்பதற்காக வரையப்பட்டது. குத்தூசி ஒன்று முதலில் துளையிடும். பின் நூல் இறங்கும். செம்மான் கையால் செய்ததையே அவர் இரும்பிற் செய்ய முயன்றார். அந்தக் காப்புரிமை பசை, மெருகெண்ணெய் முதலியவற்றோடு சேர்த்து எழுதப்பட்டிருந்ததால் எண்பது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமற் கிடந்தது. ஐசக் சிங்கர் தம் காப்புரிமையைப் பெற்றது 1851இல். அவர் பெயரிலமைந்த நிறுவனம் ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க் ஊரில் கில்போவி என்னுமிடத்தில் பெருந்தொழிற்சாலை ஒன்றைக் கட்டி, 1885இல் திறந்தது. பழம்பொறிகளில் வகை எண்ணுக்குப் பின் காணப்படும் 'கே' என்ற எழுத்து அந்தக் கில்போவியைக் குறிப்பதே. தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. அவ்வூர் ரயில் நிலையத்துக்கு மட்டும் 'சிங்கர்' என்ற பெயர் இன்றும் நிற்கிறது.

செருப்புப் பழுது பார்ப்போர் தேடுவது சிங்கர் 29கே வகை. துணிப்பொறியில் துணியை நகர்த்துவது அடியிலுள்ள பல்வரிசை. இதிலோ அடியில் பல்லே இல்லை. மேலிருந்து அழுத்தும் பாதமே தோலைக் கவ்வித் தள்ளி, தூக்கி, மீண்டும் கவ்வுகிறது. அந்தப் பாதத்தை எத்திசையிலும் முழு வட்டமாகத் திருப்பலாம். ஆகவே தோலைத் திருப்ப வேண்டுவதில்லை. தையலின் திசையைத் திருப்பினாற் போதும். அடியில் மேசைக்குப் பதிலாக ஒரு மெலிந்த நீண்ட கை உண்டு. பூட்ஸின் வாயில் அந்தக் கையை நுழைத்து, விரல் நுனிப் பக்கத்திலேகூட ஒட்டுத் தைக்கலாம். கையின் நுனியில் ஷட்டிலும் சிறு பாபினும் இருக்கின்றன. மேலே சுழலும் இயக்கம் இவ்வளவு தூரம் கடந்து நுனிக்கு வர, கையின் உள்ளே பல் வெட்டிய நீண்ட தண்டு ஒன்று முன்னும் பின்னும் ஓடி, ஷட்டிலின் கீழுள்ள சிறு பற்சக்கரத்தைத் திருப்புகிறது. இப்பொறியின் சிறப்பும் அதுவே, நோயும் அதுவே.

ஊசி அடிமட்டம் வரை இறங்கி, மயிரிழை அளவு மேலெழும்போது, தோலின் பிடியால் நூல் உடனே ஏற முடியாமல் ஊசியின் பக்கத்தில் சிறு கண்ணியாக விரிகிறது. அந்தக் கணத்தில் ஷட்டிலின் மூக்கு கண்ணிக்குள் நுழைய வேண்டும். நுழைந்தால் தையல், தவறினால் வெறுந்துளை. தண்டின் பற்களும் சிறு சக்கரத்தின் பற்களும் பல்லாண்டு உழைப்பில் தேய்ந்து தளர்ந்தால், ஷட்டில் ஒரு கணம் பின்தங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பொறி அழகாக ஓடும். தையல் மட்டும் விழாது. தேய்ந்த இரும்பை எண்ணெய் வளர்த்துவிடாது. மாற்றுப் பாகம் தேட வேண்டும். கிடைத்தாலும் செலவு உண்டு.

இறுகிப்போன பொறியின் கதை வேறு. அதை ஒருநாள் யாரோ நிறுத்தி மூலையில் வைத்தார். அன்றைக்கு அதன் பற்கள் இருந்த நிலையிலேயே இன்றும் இருக்கின்றன. அசைய விடாமற் பிடித்திருப்பது பெரும்பாலும் துருவன்று, எண்ணெய். தாவர எண்ணெய்கள் பல காற்றிலுள்ள ஆக்சிஜனை ஈர்த்து மெல்ல மெல்லப் பிசினாகும் இயல்புடையவை. அடுப்படியில் இருந்த எண்ணெயையே பொறிக்கும் விட்ட வீடுகள் எத்தனையோ! பொறிக்கென்று விற்கும் எண்ணெயும் தூசியும் நூற்பஞ்சும் சேர்ந்து நாளடைவில் அரக்குப்போல் இறுகும். பினாங்கின் காற்று இதற்கு மேலும் உதவி செய்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு விரைந்து துருப்பிடிக்கத் தொடங்கும். பினாங்கில் அது ஆண்டு முழுதும் 80ஐ ஒட்டியே நிற்கிறது. கெலுகோர் போலக் கடலைப் பார்த்த ஊர்களில் உப்பும் சேர்கிறது.

எனவே வாங்குமுன் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். எண்ணெய்த் துளையைச் சுற்றியுள்ள படிவை நகத்தாற் கீறினால், பழுப்பாகப் பளபளத்து நகம் பதிவது பிசின். செந்தூளாக உதிர்வது துரு. ஊசித் தண்டில் லேசான துரு பொருட்டன்று. 2017 நவம்பரில் பினாங்கைச் சூழ்ந்தது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய பொறியென்றால் துரு உட்புறமெங்கும் இருக்கும், அதை விட்டுவிடலாம். சக்கரம் சுழன்றும் ஊசி அசையாவிட்டால் உள்ளே ஏதோ ஒடிந்திருக்கிறது. அது இறுகியதைவிட மோசம். சுழலும் பொறியானால், சக்கரத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறுகை விரலால் ஷட்டிலை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாற் போதும். விரலுக்குத் தெரியும் ஆட்டமே தேய்மானத்தின் அளவு. ஷட்டில், பாபின், பாதம், திருகாணிகள் எல்லாம் உள்ளனவா என்று எண்ணுவதும் அவசியம். சிங்கர் திருகாணிகளின் மரை தனி வகை. கடைத்தெரு இரும்புக்கடையில் வாங்கிய திருகாணி அதிற் பொருந்தாது. வலிந்து முடுக்கினால் உள்மரையே போய்விடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் சக்கரத்தை வலுக்கொண்டு திருப்புவதுதான் எல்லாரும் செய்யும் முதற்பிழை. வார்ப்பிரும்பு வளையாது, ஒடியும். சுத்தியல் அடிக்கும் அதுவே பதில். முதலில் ஷட்டிலைக் கழற்றி, அதன் அடியில் பழைய நூல் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு அங்குல நூல் ஒரு முழுப்பொறியையே கட்டிப்போட வல்லது. பிறகு தூரிகையால் பஞ்சையும் தூசியையும் நீக்கி, இரும்பு இரும்போடு உரசும் ஒவ்வோரிடத்திலும் துரு நெகிழ்த்தும் எண்ணெய் சில சொட்டு விட்டு, ஓரிரவு காத்திருப்பது முறை. மண்ணெண்ணெயும் பிசினைக் கரைக்கும். திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அது காய்ந்தபின் இரும்பு எண்ணெய்ப் பசையற்று நிற்கும். தொடர்ந்து நல்ல பொறி எண்ணெய் விடாவிட்டால் பினாங்கில் சில நாளிலேயே புதுத் துரு காணலாம். மேலேயுள்ள கறுப்பும் பொன்னுமான சித்திர வேலையில் சாராயம் கலந்த திரவம் எதுவும் படலாகாது. அதைக் காக்கும் பூச்சு அரக்கால் ஆனது. சாராயம் அரக்கைக் கரைத்துப் பொன்னெழுத்தையும் கொண்டுபோய்விடும்.

மறுநாள் சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்க, ஒரு விரற்கடை இடங்கொடுத்தால் அது பெரிய வெற்றி. மேலும் எண்ணெய், மேலும் ஓரிரவு. சில பொறிகள் மூன்று நாளில் இளகும். சில மூன்று வாரம் கேட்கும். தலைமயிர் உலர்த்தும் காற்றுக்கருவியால் இதமாகச் சூடேற்றினால் பிசின் விரைவில் நெகிழும். தீச்சுடரைக் காட்டினால் வார்ப்பிரும்பு சீரற்று விரிந்து வெடிக்கக்கூடும். திருகாணி கழற்றுகையில், அதன் வெட்டில் முழுதாக அமரும் திருப்புளியே வேண்டும். சிறியதை வைத்துத் திருகினால் தலை சிதையும். கழற்றியவற்றை வரிசை மாறாமல் சிறு டப்பாக்களில் வைப்பது, பின்னால் ஒரு முழு மாலைப்பொழுதை மிச்சப்படுத்தும்.

பொறி தாராளமாகச் சுழலத் தொடங்கியதும் நூல் கோக்க அவசரப்பட வேண்டாம். அரை மணி நேரம் வெறுமனே ஓட்டி, கறுத்து வழியும் எண்ணெயைத் துடைத்து, புது எண்ணெய் விட்டு, பிறகு நூலில்லாமல் தோல் துண்டிற் குத்திப் பார்ப்பது நல்லது. ஊசி விஷயத்திற் பலர் இடறுகின்றனர். அப்பொறிக்குரிய நீள ஊசியே வேண்டும். சற்று நீளம் மாறினாலும் கண்ணி விரியும் இடம் மாறி, குற்றமற்ற ஷட்டில் குற்றவாளியாகக் கருதப்படும். துணி ஊசியின் உருண்டை முனை இழைகளை விலக்கிச் செல்லும். தோலில் விலக்க இழை நெசவு இல்லை. வெட்டுமுனை கொண்ட தோல் ஊசியே அதற்குரியது. பருத்தி நூல் ஈரத்தில் நைந்துபோகும். நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல் நிலைக்கும். 29கேயில் நூல் ஊசித் தண்டின் உட்குழல் வழியே இறங்குகிறது. அதை இழுக்க ஒரு நீண்ட கம்பி தேவை. பொறியோடு அக்கம்பி வந்திருந்தால் முந்திய உரிமையாளர் அக்கறையுள்ளவர் என்று ஊகிக்கலாம்.

இப்பொறி எல்லாத் தோலையும் தைத்துவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். மேல்தோல், பைவார், வார்க்கண் ஒட்டு, கிழிந்த தையல் ஆகியன இதன் எல்லை. அடித்தோல் தைக்க 1858இல் லைமன் பிளேக் காப்புரிமை பெற்ற வழியில் வந்த தனிப் பொறிகள் உண்டு. பாபின் சிறியது, அடிக்கடி நிரப்ப வேண்டும். புதிதாகச் சீனாவிலிருந்து வரும் கைச்சுற்றுப் பொறிகளும் இதே அமைப்பைப் பின்பற்றியவை. விலை மலிவு, வார்ப்பும் கரடுமுரடு. அவற்றை அரம் கொண்டு தேய்த்துச் சீர்செய்வதற்கு ஆகும் உழைப்பு, ஓர் இறுகிய 29கேயை இளக்கும் உழைப்புக்குக் குறைந்ததன்று.

மீண்ட பொறியை வேலை செய்யும் ஒவ்வொரு நாளும் சில சொட்டு எண்ணெய் விட்டு ஓட்டினால் மறுபடி இறுகாது. வேலை இல்லாத நாளிலும் வாரம் ஒருமுறை சக்கரத்தைச் சில சுற்றுச் சுற்றிவிடலாம். மூடி வைக்கப் பருத்தித் துணியே ஏற்றது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும்.