பழைய ஸ்விட்ச் வாங்கும்போது கப்ளரைப் பாருங்கள்

என் கார் பதினைந்து வயதைத் தாண்டியது. ஹெட்லைட் டிம்மில் நன்றாக எரியும். பிரைட்டுக்குத் தள்ளினால் அணைந்துவிடும். கோளாறு ஸ்டீயரிங்குக்குக் கீழே ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர் லீவர்கள் சேர்ந்திருக்கும் காம்பினேஷன் ஸ்விட்சில். பழையது ஒன்று தேடி மெக்கானிக்கோடு சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் சாக்கிலிருந்து நான்கைந்தை எடுத்துப் போட்டார். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். மெக்கானிக் லீவரைத் தொடவேயில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பி, அதில் ஒயர்களை இணைக்கும் வெள்ளைக் கப்ளரை வெயிலில் காட்டிப் பார்த்தார். மூன்றாவதில் ஒரு பின்னைச் சுற்றி டீக்கறை போலப் பழுப்பு. “இது வேணாம் சார், சூடு கண்ட பீஸு” என்று ஒதுக்கினார்.

பிரைட்டில் ஒரு ஹாலஜன் பல்ப் 60 வாட். இரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் அந்த மின்னோட்டம் முழுவதும் இந்தச் சின்ன ஸ்விட்சின் தகடுகள் வழியாகவே போகிறது. தகடுகள் பிரியும் ஒவ்வொரு தடவையும் நடுவில் நுண்ணிய பொறி பறக்கும். உலோகம் அரிபடும், கரி படியும். அந்த இடத்தில் மின்தடை 0.1 ஓம் கூடினாலே போதும், ஏறத்தாழ 10 வாட் வெப்பம் உண்டாகும். விரல்நுனி அளவு இடத்தில் 10 வாட்! பிளாஸ்டிக் இளகும், தகட்டின் பிடி தளரும், அதனால் தடை ஏறும், சூடும் ஏறும். பல்புக்குப் போகும் மின்னழுத்தமோ ஒரு வோல்ட் குறையும். ஹாலஜனுக்கு அது பெரிய இழப்பு. வெளிச்சத்தில் கால்வாசி போய்விடும்.

வெளிச்சம் போதவில்லை என்று பலர் 100 வாட் பல்ப் மாட்டுகிறார்கள். மின்னோட்டம் 17 ஆம்பியரை நெருங்கும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அதே தடையில் சூடு ஏறத்தாழ மூன்று மடங்காகும். அப்படிப்பட்ட வண்டியிலிருந்து கழற்றிய ஸ்விட்ச் உங்கள் கைக்கு வரலாம்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் போதாதா? பார்க்கத்தான் வேண்டும். லீவரை மெதுவாக அசைக்கும்போது எண் தாவினால் அந்த ஸ்விட்ச் வேண்டாம். ஆனால் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. கடையில் ஒழுங்காகக் காட்டும் தகடு 10 ஆம்பியரில் திணறலாம். அந்தப் பழுப்புக் கறையோ ஸ்விட்ச் பட்ட சூட்டை மறைக்காது.

அடுத்தது பொருத்தம். மாருதி, ஹூண்டாய் கார்களில் இண்டிகேட்டர் வலப்பக்கம். ஃபோக்ஸ்வாகன் போலோவில் இடப்பக்கம். இதில் யாரும் ஏமாறுவதில்லை. ஒரே மாடலின் வேறு வேரியன்ட்டில்தான் சிக்கல்: பனிவிளக்கு, பின்கண்ணாடி வைப்பர் இருந்தால் பின்களின் எண்ணிக்கை மாறும். புதிய கார்கள் சிலவற்றில் லீவரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மின்தடை உள்ளே இருக்கும். ஒரே ஒயரில் வரும் மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் வைப்பர் வேகத்தைத் தீர்மானிக்கிறது. தடையின் அளவு வேறானால், கச்சிதமாக உட்கார்ந்த ஸ்விட்சும் தப்பாக வேலை செய்யும். அதனால் பழைய ஸ்விட்சைக் கையோடு கொண்டுபோய், அதில் அச்சிட்ட பார்ட் நம்பரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் பழையதாக வாங்கவே வேண்டாம் என்பேன்: ஏர்பேக் உள்ள கார்களில் ஸ்விட்சோடு சேர்ந்திருக்கும் கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங்கோடு சுழன்றபடியே ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள்நாடா அது. நடுநிலை தவறி மாட்டினால் முழுத் திருப்பத்தில் அறுந்துவிடும். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். மோதும்போது கண்ணிமைப்பதற்குள் விரிய வேண்டிய பை, நைந்த நாடாவை நம்பி இருக்கக் கூடாது. ஏர்பேக் உள்ள கார்களில் ஸ்விட்சைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது.

என் காரில் ஏர்பேக் கிடையாது. கறையில்லாத ஒன்றை வாங்கி வந்தோம். மெக்கானிக் அதோடு நிற்கவில்லை. கூடவே இரண்டு ரிலேக்களை மாட்டினார். இனி அந்த 10 ஆம்பியரும் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேரே பல்புக்குப் போகும். ஸ்விட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும். அதற்குக் கால் ஆம்பியருக்கும் குறைவே தேவை. இன்ஜினை ஓடவிட்டு அரைமணி நேரம் பிரைட்டில் வைத்திருந்தார். பிறகு ஸ்டீயரிங்குக்கு அடியில் கைவிட்டுக் கப்ளரைத் தொட்டுப் பார்த்தார்.

“சில்லுனு இருக்கு சார், நீங்களே தொட்டுப் பாருங்க.”