பால் மாதிரி கலங்குகிறதா புது மீன் தொட்டி? அவசரப்பட்டுக் கொட்டிக் கழுவாதீங்க!

சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளிலிருந்து ஒரு மீன் தொட்டி வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஒரே நடையில்தான். கண்ணாடித் தொட்டி, ஒரு பை கலர் கல், பிளாஸ்டிக் செடி, ஃபில்டர், கூடவே ஆக்ஸிஜன் அடைத்த கவரில் பத்து மீன்கள். சாயங்காலம் தண்ணீர் ஊற்றி, விளக்கைப் போட்டு, மீனை விட்டதும் ஹாலுக்கே தனி அழகு வந்துவிடும். குழந்தைகள் டி.வி-யை மறந்துவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டு, மூன்று நாள்களில் தண்ணீர் வெளுக்க ஆரம்பிக்கும். அரிசி களைந்த தண்ணீர்போல வெண்மையாகக் கலங்கி, பின்பக்கம் நிற்கும் மீனே தெரியாது. பெரும்பாலான வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். மீனை பக்கெட்டில் பிடித்து விட்டு, தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, கல்லைத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். இரண்டு நாளில் மறுபடியும் கலங்கும். மறுபடியும் கழுவுவார்கள். அந்த வாரத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும். `வீட்டு திருஷ்டியை மீன் வாங்கிக்கிச்சு' என்று ஆறுதல் சொல்ல ஒரு பெரியவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். ஆனால், பல வீடுகளில் மீனைக் கொன்றது திருஷ்டியும் இல்லை, கடைக்காரர் கொடுத்த மீனும் இல்லை. அந்தச் சுத்தம்தான்.

தொட்டியில் தண்ணீர் ஊற்றிய உடனேயே சாம்பல் நிறத்தில் கலங்கினால், அது கல்லில் ஒட்டியிருந்த தூசு. கல்லைச் சரியாக அலசாமல் போட்டிருப்பார்கள். ஓரிரு நாளில் படிந்துவிடும். பச்சையாக மாறினால் அது பாசி. ஜன்னல் வெயில் நேராகத் தொட்டியில் விழுகிறது என்று அர்த்தம். சில நாள் கழித்து வரும் வெண்மைதான் விவகாரமானது. அது அழுக்கு இல்லை. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதால் வரும் நிறம்.

மீன் தின்னாமல் விட்ட தீவனமும் அதன் கழிவும் தண்ணீரில் கரைகின்றன. போட்டிக்கு வேறு உயிர்கள் இல்லாத புதுத் தண்ணீரில், அவற்றைத் தின்னும் பாக்டீரியாக்களுக்குக் கல்யாண விருந்துதான். இவற்றில் சில, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரண்டு மடங்காகப் பெருகக்கூடியவை. சாப்பாடு தீர்ந்ததும் தானாகவே குறைந்துவிடும். சில நாள்களில், அதிகம் போனால் ஓரிரு வாரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். இவற்றால் மீனுக்கு நேரடித் தொல்லை ஒன்றுதான்... தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனையும் இவை எடுத்துக்கொள்ளும். அதனால் அந்த நாள்களில் ஏர் பம்ப்பை இரவில்கூட நிறுத்தக் கூடாது. `சத்தம் தூக்கத்தைக் கெடுக்குது' என்று பிளக்கைப் பிடுங்கினால், காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் இந்தக் கலங்கலைவிட, கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதுதான் ஆபத்து. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. குளத்திலும் ஆற்றிலும் அது கரைந்து போய்விடும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினாலும் சுமார் 56 லிட்டர்தான் பிடிக்கும். அதில் பத்து மீன் விட்டால் அம்மோனியா எங்கே போகும்? செவுளை எரிக்கும். அதைச் சாப்பிட்டு நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா ஒரு வகை. அந்த நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நைட்ரைட்டை, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றுவது இன்னொரு வகை. இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் மண்ணிலிருந்து பிரித்துக் காட்டியவர் செர்ஜி வினோகிராட்ஸ்கி என்ற விஞ்ஞானி. வயலில் பயிருக்கு உரம் தயாராவதும் தொட்டியில் மீன் பிழைப்பதும் ஒரே கணக்கில்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு வகைகளும் படு நிதானம். இரண்டு மடங்காகவே பல மணி நேரம், சில நேரம் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். இவை தண்ணீரில் மிதப்பதைவிட கல்லிலும் கண்ணாடியிலும், முக்கியமாக ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். முழுப் படையும் தயாராக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். இதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் `சைக்கிளிங்' என்கிறார்கள். ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழியும்போது, அப்போதுதான் குடியேறத் தொடங்கிய அந்தப் படையை வேரோடு துடைத்துவிடுகிறோம். மறுபடியும் முதல் நாளிலிருந்து கணக்கு.

இதனால்தான் தண்ணீர் தெளிந்த பிறகும் மீன் சாகிறது. கலங்கல் போனதும் `எல்லாம் சரியாகிவிட்டது' என்று இன்னும் நாலு மீன் வாங்கி விடுபவர்கள் அதிகம். அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது. பன்னீர்போலத் தெளிந்த தண்ணீரிலும் அவை இருக்கலாம். சில சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்றுதான் உண்மையைச் சொல்லும். பிளாஸ்டிக் பொம்மைக்கும் கலர் விளக்குக்கும் செலவழிப்பவர்கள், முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். தண்ணீரைத் தெளிய வைக்கும் திரவங்கள் தூசியைத் திரட்டிப் படிய வைக்கும், அம்மோனியாவைத் தொடாது.

இன்னும் மீன் வாங்கவில்லை என்றால் வேலை சுலபம். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலேயே தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு வரலாம். அது அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியா வளரும். நாற்றம் லேசாக வரலாம், பயப்பட வேண்டாம். இன்னும் சீக்கிரம் வேண்டுமா? ஆரோக்கியமான மீன்கள் உள்ள பழைய தொட்டி நண்பர் வீட்டில் இருந்தால், அந்த ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை, காயவிடாமல் அதே தண்ணீரோடு வாங்கி வந்து நம் ஃபில்டரில் வைக்கலாம். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா திரவங்களும் இருக்கின்றன. ஆனால், கடை அலமாரியில் மாதக்கணக்கில் வெயில்பட்டுக் கிடந்த பாட்டிலில் எவ்வளவு உயிர் மிச்சமிருக்கும் என்பது சந்தேகம்தான்.

மீனை ஏற்கெனவே விட்டாயிற்று என்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஒரு நாளைக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் தீவனம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் மீன் பட்டினியில் சாகாது. பாசத்தில் நாலு வேளை போடும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் தீவன டப்பா இருக்கட்டும். கிட்டில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால், கால் பங்கு தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அளவு குறையவில்லை என்றால் அடுத்த நாளும் அதேபோல. கல்லையும் ஸ்பாஞ்சையும் தொடக் கூடாது. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த அதே பழைய தண்ணீரில் மெதுவாக அலசினால் போதும். கடையில் மீனோடு கொடுத்துவிடும் நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவும் பாதிக்கப்படலாம். தேவைப்பட்டால் தனிப் பாத்திரத்தில் வைத்துக் கொடுங்கள்.

ஊற்றும் தண்ணீரிலும் விஷயம் இருக்கிறது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டு விடலாம் அல்லது பக்கெட்டில் ஒரு நாள் திறந்துவைக்கலாம். போர் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால், காரத்தன்மை அதிகமுள்ள தண்ணீரில் அம்மோனியாவின் வீரியம் கூடும். `குடிக்கிற தண்ணியாச்சே' என்று ஆர்.ஓ. கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றுவதும் சரியில்லை. பாக்டீரியா வேலை செய்யத் தண்ணீரில் கொஞ்சம் உப்புகள் கரைந்திருக்க வேண்டும். அவை ஆர்.ஓ-வில் வடிகட்டப்பட்டுவிடுகின்றன. கரன்ட் நீண்ட நேரம் போகும் ஊர்களில் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருப்பது நல்லது. ஆக்ஸிஜன் இல்லாமல் மீன் மட்டுமல்ல, ஃபில்டரில் உள்ள பாக்டீரியாவும் செத்துப்போகும்.

அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்று டெஸ்ட் கிட் காட்டும் நாளில் தொட்டி தயார். மீன் இல்லாமல் தயார் செய்திருந்தால், பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு முதலில் இரண்டோ மூன்றோ கப்பி விடலாம். ஒரு வாரம் விட்டு அடுத்த சில மீன்கள். கோல்டு ஃபிஷ் பார்க்க சாதுவாக இருந்தாலும் கழிவு அதிகம், 2 அடி தொட்டியில் அது வேண்டாம். அதன் பிறகு சேரும் நைட்ரேட்டுக்கு வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். மாற்றி எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் ரோஜாத் தொட்டிக்கு ஊற்றலாம். வீட்டில் மணி பிளான்ட் இருந்தால் ஒரு கொடியின் வேர் மட்டும் மீன் தொட்டித் தண்ணீரில் படும்படி விட்டுப் பாருங்கள், நைட்ரேட்டை உறிஞ்சிக்கொண்டு தளதளவென்று வளரும்.