ஒரே ராசியில் ஆறு கிரகம்: பயப்படணுமா, பாராயணம் பண்ணணுமா?

'மீனத்தில் ஆறு கிரகம் கூடுது, உலகத்துக்கே ஆபத்து, உடனே பரிகாரம் செய்யுங்க!' 2025 மார்ச் கடைசி வாரத்தில் இப்படி ஒரு மெசேஜ் உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். அடுத்த முறை இதே மாதிரி வரும்போது பதறாமல் இருக்க, கிரகச் சேர்க்கை என்றால் என்ன, ஜோதிட மரபு அதை எப்படிப் படிக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சேர்க்கை என்றால் என்ன?

ராசி மண்டலம் 360 பாகை. ஒரு ராசிக்கு 30 பாகை. இரண்டு கிரகங்கள் ஒரே ராசியில் நின்றால் அது சேர்க்கை. சந்திரன் ஒரு ராசியை சுமார் இரண்டேகால் நாளில் கடந்துவிடும். சூரியனுக்கு ஒரு மாதம், குருவுக்கு சுமார் ஒரு வருஷம், ராகு கேதுவுக்கு ஒன்றரை வருஷம், சனிக்கு இரண்டரை வருஷம். வேகம் வேறு வேறாக இருப்பதால் அவ்வப்போது கூட்டம் சேரத்தான் செய்யும்.

வானில் அவை நிஜமாக நெருங்குவதில்லை. 2020 டிசம்பர் 21-ல் குருவும் சனியும் 0.1 பாகை இடைவெளியில் ஒட்டிக்கொண்டது போலத் தெரிந்தன. அன்றும் இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் 70 கோடி கிலோமீட்டருக்கும் மேல்.

அந்த மார்ச்சில் நடந்தது என்ன?

திருக்கணிதப்படி சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், ராகு ஐந்தும் ஏற்கெனவே மீனத்தில். மார்ச் 29 இரவு சனியும் உள்ளே வந்தார். மறுநாள் மாலை சந்திரன் மேஷத்துக்குக் கிளம்பிவிட்டார். ஆக, ஆறு கிரகக் கூட்டணி நீடித்தது ஒரே ஒரு ராத்திரியும் அடுத்த பகலும்தான்.

இன்னொரு விஷயம். வாக்கியப் பஞ்சாங்கப்படி அன்று சனி கும்பத்தில்தான் இருந்தார்; அந்தக் கணக்கில் சனிப்பெயர்ச்சி 2026 மார்ச்சில். திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியத்தைத்தான். அதாவது ஒரு பஞ்சாங்கத்தில் ஆறு கிரகம், இன்னொன்றில் ஐந்து. மெசேஜை ஃபார்வர்டு செய்தவர்கள் இதைச் சொல்லவில்லை.

ஆன்மிக பலன் என்று சொல்வது எதை?

எல்லாச் சேர்க்கையும் கெடுதல் என்று எந்த ஜோதிட நூலும் சொல்வதில்லை. சூரியனோடு புதன் சேர்ந்தால் புத்திக்கூர்மை தரும் நிபுண யோகம். குருவோடு ராகு சேர்ந்தால் குரு சண்டாள யோகம். மரபையும் பெரியவர்களையும் கேள்வி கேட்கும் மனம் என்று படிப்பார்கள். அதைத் தோஷமாகப் பார்ப்பவர்களும் உண்டு, தேடலின் தொடக்கமாகப் பார்ப்பவர்களும் உண்டு.

நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கிரகங்கள் ஒரே இடத்தில் பலத்தோடு நின்று ஒருவர் பிறந்தால், அதை சந்நியாச யோகம் என்கிறது வராகமிகிரரின் பிருஹத் ஜாதகம். அதில் ஒரு நுணுக்கம்: அந்தக் கிரகம் சூரிய ஒளியில் அஸ்தமனமாகி இருந்தால் அவர் துறவியாக மாட்டார், துறவிகளிடம் பக்தி கொண்டவராக இருப்பார். மீனம் கடைசி ராசி, குருவின் வீடு. விடுவித்துக்கொள்வது, கரைந்துபோவது போன்ற அர்த்தங்களை ஜோதிடர்கள் அதற்குக் கொடுப்பது அதனால்தான். ஆனால் இது பிறப்பு ஜாதகத்துக்கான பலன். வானத்தில் இன்று கூட்டம் சேர்ந்ததும் நாளைக்கு எல்லோரும் காவி கட்டப்போவதில்லை.

1962-ல் நடந்த ஒத்திகை

1962 பிப்ரவரி முதல் வாரத்தில் சூரியன் முதல் சனி வரை ஏழும், கேதுவும் சேர்ந்து எட்டு கிரகங்கள் மகரத்தில் கூடின. பிப்ரவரி 5-ல் முழு சூரிய கிரகணம் வேறு. இதுதான் அஷ்டகிரகச் சேர்க்கை. உலகம் அழியும் என்ற பீதியில் நாடு முழுக்க யாகங்கள் நடந்தன. அந்த வாரம் அமைதியாகக் கடந்துபோனது. அக்டோபரில் சீனப் போர் வந்ததும், 'அப்பவே சொன்னோமே' என்றார்கள். எட்டு மாதம் கழித்து வந்ததை எல்லாம் கணக்கில் சேர்த்தால் எந்த ஆரூடமும் பலித்துவிடும்!

கோளுக்கு பதில் சொன்ன பதிகம்

இந்தப் பயத்துக்குத் தமிழ் மரபில் பழைய பதில் ஒன்று உண்டு. மதுரைக்குப் புறப்பட்ட திருஞானசம்பந்தரை, கோள்நிலை சரியில்லை என்று திருமறைக்காட்டில் தடுத்தார் அப்பர். அப்போது பாடியதுதான் கோளறு பதிகம், இரண்டாம் திருமுறையில் உள்ள 11 பாடல்கள். ஒன்பது கோள்களையும் குறிப்பிட்டு, இறைவன் உள்ளத்தில் இருக்கும்போது அவை நல்லதே செய்யும் என்கிறார் சம்பந்தர். பாடிவிட்டுப் பயணத்தைத் தள்ளிப்போடவில்லை, கிளம்பிவிட்டார். இந்தப் பாராயணத்துக்குப் பைசா செலவில்லை.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி

சேர்க்கையைக் காட்டி யாராவது பெரிய பரிகாரம் சொன்னால் கேளுங்கள். ஒன்று, எந்தப் பஞ்சாங்கம்? இரண்டு, கிரகங்களுக்கு நடுவே எத்தனை பாகை? (அந்த மார்ச்சில் சனி முதல் பாகையில், சூரியன் சுமார் 15-ல்.) மூன்று, என் ஜாதகத்தில் அது எத்தனையாவது வீடு, இப்போது எனக்கு என்ன தசை? பதில் சொல்லாமல் தேதியையும் தொகையையும் மட்டும் சொன்னால், அங்கே ஜோதிடம் இல்லை. வேலையை விடுவது, வரனைத் தட்டிக்கழிப்பது மாதிரி முடிவுகளை அந்த ஃபார்வர்டை நம்பி எடுக்காதீர்கள்.

காஞ்சிபுரத்தை ஒட்டி, உத்திரமேரூர் போகும் வழியில் பாலாற்றங்கரையில் இருக்கிறது ஓரிக்கை. காஞ்சி மகா பெரியவர் மணிமண்டபம் உள்ள ஊர். சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்த, திருமழிசை ஆழ்வாரும் கூடக் கிளம்ப, திருவெஃகாப் பெருமாளே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனாராம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. அதுவே ஓரிக்கை ஆனது என்பார்கள். மன்னன் மன்னிப்புக் கேட்டதும் எல்லோரும் காஞ்சிக்கே திரும்பிவிட்டார்கள். மீனத்தில் கூடிய ஆறு பேர் தங்கியதும் ஓர் இரவுதான். அவரவர் வழியில் அவர்களும் போய்விட்டார்கள்.