நெஞ்செரிச்சலும் உடலின் அமிலச் சமநிலையும்

 

"உடம்பில் அமிலம் கூடிவிட்டது, இதைக் குடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி விலை கூடிய தண்ணீரும் பொடிகளும் விற்கப்படுகின்றன. நெஞ்செரிச்சலால் அவதிப்படுவோர் அதை நம்பிப் பணம் செலவழிக்கிறார்கள். இதில் நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று தெரிந்துகொள்வோம்.

அமிலத்தை 0 முதல் 14 வரையிலான பி.எச். அளவில் குறிப்பார்கள். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இது மிளகாய்க் காரம் அல்ல; சோப்பு, சுண்ணாம்பு போன்றவற்றின் தன்மை. ஆரோக்கியமானவரின் இரத்தம் 7.35 முதல் 7.45 வரைதான் இருக்கும். நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றியும், சிறுநீரகம் மிகுதி அமிலத்தைச் சிறுநீரில் அனுப்பியும் இதைக் காக்கின்றன. உணவு மாறினால் சிறுநீரின் அளவு மாறலாம். இரத்தத்தின் அளவு மாறாது.

இரைப்பையோ அமிலமாகத்தான் இருக்க வேண்டும். அங்குள்ள அமிலம்தான் இறைச்சி, பருப்பு போன்றவை செரிக்க உதவுகிறது, கிருமிகளையும் கொல்கிறது. விலை கொடுத்து வாங்கிய காரத் தண்ணீர் அந்த அமிலத்தில் கலந்து தன் தன்மையை இழந்துவிடும்.

அப்படியானால் நெஞ்செரிச்சல் ஏன் வருகிறது? இரைப்பையின் மேல்வாயில் உள்ள தசை தளர்ந்து, அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுவதால். இதைப் பெரும்பாலும் நம் பழக்கங்களால் குறைக்கலாம்.

• வயிறு முட்ட உண்ணாமல், அளவாகப் பிரித்து உண்ணுங்கள்.

• இரவு உணவுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி வேண்டும். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் கடை போடுவோரும் ஆட்டோ ஓட்டுவோரும் நள்ளிரவில் பரோட்டா சாப்பிட்டு உடனே படுப்பதைத் தவிர்க்கலாம். மாலையிலேயே சாப்பிட்டுவிட்டு, பசித்தால் இரண்டு இட்லி போதும்.

• நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி ஆகியவற்றோடு தொடங்குங்கள். வடை, பஜ்ஜி, சமோசாவைக் குறையுங்கள். ஸஹர் உண்டவுடன் படுக்க வேண்டாம்.

• பீடி, சிகரெட், புகையிலையை விடுங்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். நடப்பதற்கு நம் ஊரில் நல்ல பாதை இருக்கிறது.

• டீ, காபி, புளி, மிளகாய் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதில்லை. உங்களுக்கு எது தொந்தரவு தருகிறது என்று கவனித்து, அதை மட்டும் குறைத்தால் போதும்.

• இரவில் தொந்தரவு இருந்தால் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து அரை அடி உயர்த்துங்கள்.

வயிற்றுப் புண் இருந்தால் சாப்பாட்டை மாற்றுவது மட்டும் போதாது. ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1980களில் இதற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவர் தரும் மருந்துகளை முழு நாட்களும் சாப்பிட்டால் இது குணமாகும். மூட்டு வலி, தலைவலிக்கு நாமே கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும். இதயத்துக்காக மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் ஆலோசனை இல்லாமல் மாதக்கணக்கில் தொடர வேண்டாம்.

கறுப்பாகத் தார் போல மலம் போவது, இரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. நெஞ்சை அழுத்தும் வலி, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் "கேஸ்தான்" என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி தெளிவாகத் தெரியாமலும் போகலாம். உடனே 108ஐ அழையுங்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகில்தான் உள்ளது. போய்ப் பார்த்து அது வெறும் நெஞ்செரிச்சல் என்று தெரிந்தால் நல்லதுதான். போகாமல் இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்தப் பக்கத்தை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக!